வாய்தா வாங்கப் போன நாள்

காலை பத்து நாற்பதுக்கு எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதை பஸ்ஸிலேயே நாலு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து போய் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பத்து நாற்பத்திரண்டுக்கு விஷயம் என் கையை விட்டுப் போகத் தொடங்கிவிட்டது.

வக்கீல் படிப்பு இல்லாமல், கம்பெனி கொடுத்த ஒரு கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட்டில் போய் நிற்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். லேபர் கோர்ட், நுகர்வோர் கோர்ட், ரெவின்யூ கோர்ட் என்று இருபது வருஷத்துக்கு மேல் நானும் அப்படி நின்றவள்தான். போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். மனு எப்படி எழுதுவது, எந்த நகலை எங்கே கொடுப்பது என்பதையெல்லாம் உங்கள் ஆபீஸில் ஒரு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லப் போவது என் முதல் நாளைப் பற்றி மட்டும்.

இத்தனை வருஷமாக இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. போன வாரம் என் மகள் போன் செய்தாள். ஒரு பஞ்சாலையில் பணியாளர் பிரிவில் சேர்ந்து அவளுக்கு நாலு மாதம் ஆகிறது. "அம்மா, நாளைக்கு லேபர் கோர்ட்டுக்கு என்னைப் போகச் சொல்லியிருக்காங்க. நீ உடனே பயப்படாதே. சும்மா தேதி வாங்கிட்டு வர்றதுதான்" என்றாள். போனை வைத்த பிறகும் அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சும்மா தேதி வாங்கிவிட்டு வரத்தான் என்னையும் அனுப்பினார்கள்.

எழுபதுகளின் முதல் பாதி அது. திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு நவீன அரிசி ஆலையில் நான் டைப்பிஸ்ட். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். மகளுக்கு அப்போது ஒரு வயது. கணவருக்குத் தற்காலிக வாத்தியார் வேலை; பள்ளிக்கூடம் இருந்தால் சம்பளம் உண்டு, விடுமுறை விட்டால் இல்லை. என் வேலைதான் குடும்பத்துக்குத் தூண்.

ஆலையை ஒட்டி மூன்று ஏக்கர் வயல் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணைக்காரர்கள் நிலத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒருவரிடமிருந்து கம்பெனி அதை வாங்கியிருந்தது. நெல் காயப்போட அங்கே பெரிய சிமென்ட் களம் போடவேண்டும் என்பது திட்டம். அதைக் கெட்ட திட்டம் என்று சொல்ல மாட்டேன். களம் வந்தால் இன்னும் நாற்பது பெண்களுக்காவது வேலை கிடைத்திருக்கும். ஆனால் நிலத்தில் ஒரு குத்தகைதாரர் இருந்தார். பெயர் முருகையன். அப்பா காலத்திலிருந்து அந்த மூன்று ஏக்கர்தான் அவர்களுக்கு எல்லாம். வாய்ப்பேச்சுக் குத்தகை, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

சட்டம் சுருக்கமாக இதுதான்: தானும் தன் குடும்பமும் சேற்றில் இறங்கி உழைக்கிற குத்தகைதாரரை நிலத்தைவிட்டுக் கிளப்ப முடியாது. ஆகவே கம்பெனி ரெவின்யூ கோர்ட்டில், முருகையன் பயிர் செய்கிறவரே இல்லை, எங்கள் ஆலையில் தினக்கூலியாக இருப்பவர், நிலத்தை அவர் தொட்டு வருஷமாகிறது என்று சொல்லியிருந்தது. வழக்கு முடியும்வரை இரு தரப்பும் வயலில் இறங்கக் கூடாது என்று ஒரு தடையும் வாங்கியிருந்தது.

அந்தப் புரட்டாசியில் எங்கள் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கொடிதான். ஒரு தெருவில் சிவப்புக் கொடி, அடுத்த தெருவில் ஆளுங்கட்சிக் கொடி. கூலிக்கு ஒரு ஊர்வலம், குத்தகைக்கு ஒரு ஊர்வலம். வழக்குக்கு முந்தின நாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நம்ம வயல் கேஸ் வருது. வக்கீல் தஞ்சாவூர்ல வேற கேஸ்ல மாட்டிக்கிட்டாரு. மத்தியானத்துக்கு மேலதான் வர முடியுமாம். நீங்க போயி ஒரு வாய்தா வாங்கிடுங்கம்மா. கேஸ் கட்டை அவர் வந்ததும் அவர்கிட்ட குடுத்துட்டு வந்துடலாம்."

"நானா சார்? எனக்கு கோர்ட்டுப் பக்கமே பழக்கம் இல்லையே."

"வக்கீல்தான் நிக்கணும்னு அங்க கட்டாயம் இல்ல. கம்பெனி லெட்டர் குடுத்தா நம்ம ஆள் யாரு வேணா நிக்கலாம். நான் போனா ஜீப்ப மறிச்சுக்கிட்டு கோஷம் போடுவானுங்க. உங்களப் பாத்தா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

புடவை கட்டியிருப்பதுதான் எனக்கு இருந்த தகுதி என்பது அப்போது உறைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அதிகாரக் கடிதத்தை நானே டைப் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். கேஸ் கட்டோடு, கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்பையும் மைப்பெட்டியையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். நான் அறையைவிட்டு வெளியே வரும்போது அவர் வக்கீலிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஐப்பசி பாதி தாண்டிட்டா போதும் சார், அப்புறம் நமக்குக் கவலை இல்ல" என்றார். ஏன் ஐப்பசி என்று நான் யோசிக்கவில்லை. பிள்ளையை நாளைக்கு யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்பதில் என் மனம் இருந்தது.

ரெவின்யூ கோர்ட் ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் நடந்தது. உள்ளே ஒரு மேடை, மேடையில் மேஜை. வழக்கை விசாரிக்கும் அலுவலர் முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். பக்கத்தில் எழுதுகிற எழுத்தர் அவருக்கு அப்பா வயது.

"முருகையன் வந்திருக்கானா?" என்று எழுத்தர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வந்திருக்காரான்னு கேளுங்க" என்றார் அலுவலர், தலை நிமிராமல்.

முருகையன் உள்ளே வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவருக்கும் வக்கீல் இல்லை. அவர் மனைவி கதவோரம் நின்றுகொண்டார். இருவரையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் என்னைத் தெரியும். தினமும் மெயின்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அவர்கள் வயல் வரப்பில் நடந்துதான் நான் ஆலைக்குப் போவேன்.

"ஐயா, நான் கம்பெனி சார்பா வந்திருக்கேங்க. எங்க வக்கீல் வேற கோர்ட்ல இருக்கிறதால ஒரு வாய்தா வேணுங்க" என்று என் வாக்கியத்தைச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன்.

அலுவலர் கடிதத்தைப் படித்தார். "ஏற்கெனவே மூணு வாய்தா ஆயிடுச்சு. உங்க கம்பெனிதான் மூணும் கேட்டிருக்கு. இனிமே கிடையாது."

"வக்கீல் இல்லாம…"

"இந்தக் கடிதத்துல என்ன எழுதியிருக்கு? கம்பெனிக்காக ஆஜராகவும் பேசவும் உங்களுக்கு அதிகாரம்னு எழுதியிருக்கு. அப்ப நீங்கதான் கம்பெனி. பேசுங்க."

அந்த வரியை முந்தின நாள் டைப் அடித்தவளே நான்தான். மாதிரிக் கடிதத்தில் அப்படி இருந்தது, அப்படியே அடித்துவிட்டேன். மணி பத்து நாற்பத்திரண்டு.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். எனக்குப் பேச வந்துவிட்டது. கட்டைப் பிரித்தேன். மேலாக இருந்த வருகைப் பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தேன். "போன வருஷப் புரட்டாசி, ஐப்பசி ரெண்டு மாசமும் முருகையன் எங்க ஆலைக் களத்துல தினமும் வேலை பார்த்திருக்காருங்க. நடவு நேரம் முழுக்க அவர் வயல்லயே இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எழுத்தர்கூடப் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அலுவலர் பட்டியலில் விரலை ஓட்டினார். "என்னங்க, ஒரு நாள் விடாம ஆலைக்குப் போயிருக்கீங்களே?"

முருகையன் திருதிருவென்று விழித்தார். "நான் அந்த மில்லுக்குள்ள கால வெச்சதே இல்லீங்க. எங்க வூட்டுல இதுதாங்க நெல்லு தள்ளப் போச்சு. நான் எப்பிடிங்க ரெண்டு எடத்துல இருப்பேன்?"

கதவோரத்திலிருந்து அவர் மனைவி, "அது நானுங்க" என்றார். "காலையில வயல்ல நாத்துப் பறிச்சுக் குடுத்துட்டு, அப்பறம் களத்துக்குப் போவேங்க."

"உன் பேரு முருகையனா?" என்றார் எழுத்தர். பின்பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எம் பேர அங்க யாரு கேட்டா? 'முருகையன் பொண்டாட்டி வந்தாச்சா'ன்னுதான் மேஸ்திரி கேப்பாரு. வந்தாச்சும்பேன். அவுரு எழுதிக்குவாரு." எழுத்தரைப் பார்த்து, "ஏன், ஒங்க வூட்டம்மாவ அக்கம்பக்கத்துல எப்பிடிக் கூப்புடுறாங்களாம்?" என்றும் கேட்டுவிட்டார். இந்தத் தரம் கூடுதலாகச் சிரிப்பு எழுந்தது. அலுவலர் சிரிக்கவில்லை.

"இந்தப் பட்டியலைத் தயாரிச்சது யாரு?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தாங்க."

"அப்ப சொல்லுங்க. இதுல முருகையன்னு இருக்கிறது இவரா, இந்தம்மாவா?"

எனக்குத் தெரியும். அவர் கேட்டு முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. களத்து மேஸ்திரி நாளுக்கொரு சீட்டு அனுப்புவார். அதில் பெண்களை எல்லாம் புருஷன் பெயரையோ மாமனார் பெயரையோ சொல்லித்தான் எழுதுவார்: முருகையன் சம்சாரம், கோவிந்தன் சம்சாரம், சாமிநாதன் மருமகள். அதைப் பார்த்துப் பட்டியல் அடிப்பவள் நான். பெயருக்கு நான் போட்டிருந்த கட்டம் குறுகல். "முருகையன் சம்சாரம்" அதில் அடங்காது. அடுத்த வரிக்குப் போனால் பார்க்க அழகாக இருக்காது என்று "முருகையன்" என்பதோடு நிறுத்திவிடுவேன். ஆலையில் எல்லோருக்கும் அது விளங்கும். அந்தப் பட்டியல் ஒரு நாள் இப்படி ஒரு மேஜைக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்? மானேஜர்கூட அதை நிஜம் என்றே நம்பி வக்கீலிடம் கொடுத்திருக்கலாம். அதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தெரிந்திருந்தும் நான் சொன்ன பதில் இதுதான்: "மூலச் சீட்டுகளைப் பார்த்துத்தாங்க சொல்லணும்."

எவ்வளவு பொறுப்பான பதில், பாருங்கள். ஒரு வார்த்தை பொய் இல்லை. இருபது வருஷ அனுபவஸ்தர்கூட இதைவிட நயமாகச் சொல்லியிருக்க முடியாது. அலுவலரே தலையை ஆட்டினார். "அதுவும் நியாயந்தான். மூலச் சீட்டைப் பார்க்காம நானும் ஒண்ணும் எழுத முடியாது. கொண்டுவந்து குடுங்க" என்று நாட்காட்டியைப் புரட்டினார். நடுவில் விடுமுறை, முகாம் என்று ஏதேதோ கழித்துவிட்டு, மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி சொன்னார்.

வாய்தா கிடைத்துவிட்டது! கொடுக்கவே மாட்டேன் என்றவரிடம் வாங்கிவிட்டேன். அப்போது எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மானேஜரிடம் போய் எப்படிச் சொல்லுவது, வக்கீல் கேட்டால் எப்படி அசந்துபோவார் என்று மனசு ஓடியது. என்னை இன்னும் உலுக்கிக்கொண்டிருப்பது அந்த இரண்டு நிமிஷச் சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

முருகையன் நகரவில்லை. "ஐயா, நாத்து முப்பது நாளத் தாண்டிடுச்சுங்க. மச்சான் வயல்ல ஒரு மூலையில விட்டு வெச்சிருக்கேன். நாத்துக்கு வாய்தா குடுக்க முடியாதுங்களே."

"நான் என்னங்க பண்றது? ஆதாரத்தைப் பார்க்க வேண்டாமா?"

"மூணு வாரம் போனா முத்திப் போயி கணு விட்டுடுங்க. அப்பறம் நட்டா தூரு கட்டாது. வயலு தரிசாக் கெடக்கும். கெடந்தா, பாருங்க, பயிரே செய்யலன்னு இவுங்களே வந்து சொல்லுவாங்க."

"வாங்க போவலாம்" என்றார் அவர் மனைவி. "நின்னு என்னாத்துக்கு? நாத்த அறுத்து மாட்டுக்குப் போடுவோம்."

ஐப்பசி பாதி தாண்டிட்டா போதும் என்று மானேஜர் போனில் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாய்தா என்பது வழக்கைத் தள்ளிப்போட மட்டும் கேட்டதில்லை. அதுவே வழக்கை முடித்துவிடும். நட முடியாமல் செய்துவிட்டு, நடவில்லை என்று நிரூபிப்பது.

எழுத்தர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். நான் சொன்னதை எழுதியிருந்தார். அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நல்லவேளையாக அப்போது அரசு உத்தரவுப்படி தமிழிலேயே எழுதத் தொடங்கியிருந்தார்கள். "பட்டியலில் குறிப்பிட்ட நபர் யார் என்பது மூலச் சீட்டுகளைப் பார்த்தால்தான் தெரியும் என்று கம்பெனிப் பிரதிநிதி தெரிவித்தார்" என்றிருந்தது. நான் துணியைப் பிரித்து ஸ்டாம்பை எடுத்து, மையில் ஒற்றி, பதித்தேன். கம்பெனியின் பெயர் வட்டமாக விழுந்தது. அதற்கு மேலே என் கையெழுத்துக்கு இடம் இருந்தது.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு பெரியவர் என் தோளுக்குப் பின்னால், "கொஞ்சம் நகந்துக்கம்மா" என்றார்.

அந்த இடத்தில் என்ன நினைத்தேன் என்று பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். நியாயம், தர்மம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பார்த்தால்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறதே, கம்பெனிக்கு ஏது கண் என்று தோன்றியது. சீட்டைப் பார்த்த கண் என்னுடையது. பாதியில் வெட்டிய கையும் என்னுடையது. பார்த்துச் சொல்கிறேன் என்றால், இனி யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"ஐயா" என்றேன்.

"உங்க கேஸ் முடிஞ்சுதும்மா."

"முடியலைங்க. மூலச் சீட்டு வேண்டாங்க. அது இந்தம்மாதாங்க. சீட்டுல முருகையன் சம்சாரம்னு இருந்துச்சு. கட்டத்துல எடம் பத்தலன்னு நான்தான் பேரோட நிறுத்திட்டேன்."

அலுவலர் கையிலிருந்த அடுத்த கட்டை மூடி வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "அஞ்சு நிமிஷம் முன்னால தெரியாதுன்னீங்களே?"

"தெரியுங்க. சொல்லல."

"நீங்க இப்ப கம்பெனியா பேசுறீங்களா, சாட்சியா பேசுறீங்களா?"

"எனக்கு அது தெரியலைங்க. ரெண்டுக்கும் நான் ஒருத்திதாங்க வந்திருக்கேன்."

அவர் மேஜைமேல் என் பக்கம் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யோசிச்சுக்குங்கம்மா. இதை எழுதினா உங்க கம்பெனியே ஒத்துக்கிட்டதா ஆயிடும். வேலையில இருக்கிறவங்க நீங்க. வீட்டுல யாரையாவது கலந்துக்கிட்டு வந்து சொல்றீங்களா?" என்றார்.

"வீட்டுல ஒரு வயசுப் புள்ளதாங்க இருக்கு."

என்னை அறியாமல் வந்த பதில் அது. அவர் சிரித்துவிடுவார் என்று பட்டது, சிரிக்கவில்லை. எழுத்தரிடம் "எழுதுங்க" என்றார். பிறகு என்னிடம், "வேற என்ன தெரியும் உங்களுக்கு? நடவு யார் நட்டாங்க?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருஷமாக அந்த வரப்பில் நடக்கிறேன். முருகையன் உழுவதையும் பார்த்திருக்கிறேன், வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டுவதையும் பார்த்திருக்கிறேன். நான் நிறைமாதமாக இருந்தபோது, வழுக்கி விழுந்துவிடப் போகிறேன் என்று அந்த மனுஷர் ஒரு வரிசை நடவைக் குறைத்துக்கொண்டு வரப்பை அகலப்படுத்திக் கொடுத்தார். அலுவலர், "அது வழக்குக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எழுத்தரைப் பார்த்து, "அதையும் எழுதுங்க" என்றார்.

தடை அன்றே நீக்கப்பட்டது. முருகையன் வயலில் இறங்கலாம், வழக்கு தனியாக நடக்கட்டும் என்று உத்தரவு. அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுத்தரிடம், "அப்ப இன்னிக்கே எறங்கலாங்களா? இன்னிக்கேவா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவர் மனைவி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். நன்றி சொல்லுவாரோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. "எம் பேரு பாக்கியம்" என்றார். "அஞ்சு எழுத்துத்தான். கட்டத்துல அடங்கும்." சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

இதைப் படிக்கும்போது என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதீர்கள். மறுநாள் மானேஜர் கத்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரி. வழக்குக்கு முந்தின நாளே கட்டு என் மடியில்தான் இருந்தது. அதைப் பிரித்து, என் கையால் அடித்த தாள் இதில் எங்கே வருகிறது, எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று கால் மணி நேரம் பார்த்திருந்தால், ஆபீஸிலேயே சொல்லியிருக்கலாம். அவர் பட்டியலை எடுத்திருப்பார், அல்லது வேறு ஆளை அனுப்பியிருப்பார். அது அவர் பாடு. கம்பெனியின் கடிதத்தை வாங்கிக்கொண்டு போய் கம்பெனியையே கவிழ்த்தவள் என்று அவர் நினைத்திருந்தால், அதில் பாதி உண்மை உண்டு. மாதம் முடிந்ததும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அடுத்த பதினோரு மாதம் எங்கள் வீடு எப்படி ஓடியது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே நேர்முகத்தில் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "அந்த ரெவின்யூ கோர்ட் அம்மா நீங்கதானா?" என்பதுதான். ஆம் என்றேன். எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்காக எத்தனையோ கோர்ட்டுகளில் நின்றேன். ஜெயித்தும் இருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். எந்த வழக்குக்குப் போவதற்கு முன்பும் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்வேன். இந்தக் கட்டில் நான் தொட்ட தாள் எது. இன்று நான் கேட்கப்போகும் தேதி வருவதற்குள் எதிர்த் தரப்பில் யாருக்கு என்ன ஆகும். இரண்டாவதைப் பார்ப்பது கம்பெனிக்கு விரோதமில்லை. அதைத் தெரிந்துகொண்டு வாய்தா கேட்ட நாட்களும் உண்டு. தெரியாமல் கேட்டதில்லை.

என் மகளிடம் இதைச் சொல்லலாம் என்று, அவள் பேசிய மறுநாள் காலை போன் செய்தேன். அவள் கிளம்பிப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்து என்ன சொன்னாள் என்பது அவள் கதை. ஆனால் அவளைப் போலவே தைரியமாகப் போகும் உங்களிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னவர் நான் இல்லை.

அன்று மத்தியானம் கோர்ட் வராந்தாவில் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீலிடம் அதை ஒப்படைக்காமல் போக முடியாது. சாப்பிடவும் தோன்றவில்லை. இரண்டே முக்கால் மணிக்கு அவர் கார் வந்து நின்றது. கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுக்க படியேறி வந்தார்.

"வாய்தா எந்தத் தேதிம்மா?" என்றார்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கட்டையும் அதிலிருந்த பட்டியல் நகலையும் அவர் கையில் கொடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டியலில் முருகையன் பெயர் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டுத் தாளை மடித்தார்.

"நான் வந்திருந்தா, இதை டைப் அடிச்சது யாருன்னு என்னை யாரும் கேட்டிருக்க மாட்டாங்கம்மா. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.